பாதியில் நிற்கும் முள்

அத்தியாயம் 4

பழுதான வண்டியைவிட அதன் முதலாளியிடமிருந்துதான் அதிகச் சத்தம் வந்தது.

"எத்தனை வருஷமா உழைக்கிற வண்டி தெரியுமா? ஒரு நாள் படுத்ததில்ல. அந்தப் பய கையில கொடுத்தேன். கொன்னுட்டான்."

உப்புத்தாள் கேட்டுக்கொண்டு நின்றார். அது அந்த அம்மாளின் சொந்தப் பெயர் அல்ல. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அவர்மேல் உரசியவர்கள் கொஞ்சம் தேய்ந்துதான் திரும்பினார்கள். வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்த பிறகும் பெயர் கூடவே வந்துவிட்டது.

அவர் முதலாளியின் காலணியைப் பார்த்தார். பளபளத்தது. மண் தோண்டிப் பிழைக்கிறவர் காலணியில் ஒரு பொட்டு மண் இல்லை.

கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய பெரிய குழி. அதன் ஓரத்தில், தன் கைவாளியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அந்தப் பழைய எக்ஸ்கவேட்டர் நின்றது. மஞ்சள் பெயின்ட் உரிந்து, உரிந்த இடத்தில் வேறொரு மஞ்சள் பூசி, அதுவும் உரிந்திருந்தது.

முந்தாநாள் மதியம் அதன் ரேடியேட்டர் வெடித்தது. கொதிக்கும் தண்ணீர் சிக்னல்காரன்மேல் அடித்தது. சிக்னல்காரன் என்றால், வண்டிக்கு முன்னால் தரையில் நின்று, எங்கே தோண்டலாம், எங்கே நிறுத்தலாம் என்று கையால் சைகை காட்டுகிறவன். கைகளும் கழுத்தும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். குழியில் இருந்த இரண்டு கூலியாட்கள் ஒரே வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள். வெடிக்கிறவரைக்கும் வண்டி நன்றாகத்தான் இருந்தது, ஆவி புகை எதையும் பார்க்கவில்லை.

சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போயும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினான் என்று ஆபரேட்டரைப் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. இன்று மதியம் அவனைக் கோர்ட்டில் நிறுத்துவார்கள்.

ஆபரேட்டரின் மனைவிதான் உப்புத்தாளைத் தேடி வந்தவள். பள்ளி வேன் ஓட்டுகிறாள். அந்த வேனிலேயே உப்புத்தாளைத் தளத்துக்குக் கூட்டி வந்து, அதனருகே காத்து நின்றாள். வெந்து கிடக்கும் சிக்னல்காரன் அவளுடைய தம்பி.

"வீட்டுக்காரர் உள்ள இருக்கார், தம்பி ஆஸ்பத்திரியில இருக்கான்," என்று காலையில் அவள் சொல்லியிருந்தாள். "உன் புருஷன்தான் என் பையனைப் பொசுக்கினான்னு எங்கம்மா என் முகத்தையே பார்க்க மாட்டேங்குது. முள் ஏறவே இல்லைன்னு இவர் சொல்றார். இவர் பார்த்துக்கிட்டே ஓட்டினாரா, இல்லையா? எனக்கு அது தெரியணும் மேடம். தெரியாம இவரோட ஒரு வீட்டுல இருக்க முடியாது."

அழவில்லை. உப்புத்தாள் வழக்கை எடுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

"முள் ஏறலைன்னு கதை விடறான்," என்றார் முதலாளி. "மீட்டர் அருமையா வேலை செய்யுது. நீங்களே பாருங்க. கேபின் சாவி அவன்கிட்ட மட்டும்தான் இருக்கும். வேற ஒருத்தன் உள்ள கை வைக்க முடியாது. ஸ்டேஷன்லேருந்து வாங்கி வச்சிருக்கேன், இருங்க."

அவர் சட்டைப் பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கேபினுக்குள் சோடா உட்கார்ந்திருந்தான். உப்புத்தாளின் உதவியாளன். மூடியைத் திறந்தால் பொங்குவதை நிறுத்த முடியாது என்பதால் அந்தப் பெயர்.

"அதோ நிக்குதே சின்ன வண்டி, அதோட சாவியைப் போட்டேன் மேடம்," என்றான் சோடா. "இது திறந்துக்குச்சு. என் வீட்டுத் தகரப்பெட்டிக்குக்கூட இதைவிட ரோஷம் அதிகம்."

முதலாளியின் கை பையிலேயே நின்றது. "அது... அந்தக் கம்பெனி வண்டி எல்லாத்துக்கும் ஒரே சாவிதாங்க. இந்தத் தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"போலீஸுக்கு மட்டும் சொல்ல மறந்துட்டீங்க," என்றார் உப்புத்தாள். "சோடா, சாவியைத் திருப்பு. என்ஜினைக் கிளப்ப வேண்டாம், மீட்டர் மட்டும் உயிரோட இருந்தா போதும்."

சோடா திருப்பினான். சூடு மீட்டரின் முள் மெதுவாக எழுந்து, சரியாகப் பாதியில் வந்து நின்றது.

முதலாளி முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா? கல்லு மாதிரி நிக்குது. இந்த மீட்டரையா கெட்டுப்போச்சுங்கறான்?"

உப்புத்தாள் பக்கவாட்டுக் கதவைத் திறந்து என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தார். இரும்பு சில்லென்று இருந்தது.

"இது கடைசியா எப்போ ஓடுச்சு?"

"முந்தாநாள் மதியம். அதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா தொடலை. நான் தொட விடலை."

"அம்மா," என்று உப்புத்தாள் வேன் பக்கம் குரல் கொடுத்தார். "காலையில சாவி போட்டப்போ உங்க வேன்ல முள் எங்க இருந்துச்சு?"

"அடியில," என்றாள் ஆபரேட்டரின் மனைவி. "வண்டி ஓடி, தண்ணி சூடானாத்தானே ஏறும்?"

சோடா கேபினிலிருந்து தலையை நீட்டினான். "அப்போ ரெண்டு நாளா செத்துக் கிடக்கிற வண்டிக்கு எப்படி முதலாளி காய்ச்சல் அடிக்குது?"

முதலாளி மீட்டரைப் பார்த்தார். வருடக்கணக்காக அவர் அதைப் பார்த்திருக்கிறார். முள் பாதியில் நின்றால் வண்டி நல்ல வண்டி, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எப்போது அது பாதியில் நிற்க வேண்டும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தன் கையாலேயே தனக்கு எதிரான சாட்சியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், அதுவும் சிரித்த முகத்தோடு. முட்டாள்தனத்தில் உப்புத்தாளுக்குப் பிடித்தது இந்த வகைதான். தேடும் வேலை மிச்சமாகும்.

"எனக்கு என்னங்க தெரியும்," என்று முதலாளி குரலைத் தாழ்த்தினார். "இவனைக் கேளுங்க. இவன்தான் சென்சார் சென்சார்னு மாத்திக்கிட்டே இருந்தான்."

இவன் என்றது பக்கத்தில் நின்ற மெக்கானிக்கை. தளத்தில் அவனுக்கு மாத்தி என்று பெயர். எந்தப் பழுது சொன்னாலும் எதையாவது மாற்றிவிட்டுப் போய்விடுவான்.

"முள்ளு சிவப்புக்குப் போச்சு மேடம்," என்றான் மாத்தி. "பழைய வண்டி, சென்சார் போயிருக்கும்னு மாத்தினேன். மறுபடியும் சிவப்பு. அது டூப்ளிகேட்டா இருக்கும்னு வேற போட்டேன். மறுபடியும். மூணாவது போட்டேன், சரியாயிடுச்சு."

"போட்ட உடனே சரியாச்சா?"

"இல்ல. அன்னிக்கும் சிவப்புலதான் நின்னுச்சு. மறுநாள் காலையில வந்து பார்த்தா பாதியில நின்னுச்சு. புதுசு இல்லையா, செட் ஆக ஒரு ராத்திரி எடுத்துக்கும்."

"செருப்பா, கடிக்கறதுக்கு?" என்றான் சோடா.

"கழட்டின சென்சாரை மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தீங்களா?" என்றார் உப்புத்தாள்.

"அது ஆபீஸ்ல இருக்கு."

"ரேடியேட்டரைப் பார்த்தீங்களா?"

"எதுக்கு மேடம்? சென்சார்தானே கெட்டுது."

உப்புத்தாள் வண்டியின் பின்பக்கம் போனார். வெடித்த ரேடியேட்டரின் கதவு கோணிக்கொண்டு தொங்கியது. உள்ளே ரேடியேட்டர் தெரியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுவர் இருந்தது. காற்றுப் போக வேண்டிய இடுக்கெல்லாம் மண்ணும் சிமென்ட் தூளும் அடைத்து, தண்ணீர் பட்டு, இறுகிப்போன சுவர். விரலால் சுரண்டினார். நகம்தான் உடைந்தது.

கதவுக்குக் கீழே நசுங்கிய பிளாஸ்டிக் கேன் ஒன்று கிடந்தது. பக்கத்தில் ஒரு சாக்குத் துண்டு, நாலாய் மடித்தபடியே காய்ந்திருந்தது. பிரித்தார். ரேடியேட்டர் மூடியின் அளவில் வட்ட வட்டமாகத் துருக்கறை, ஒன்றன்மேல் ஒன்றாக. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு என்ஜினில் திருகியிருந்த, சூட்டை மீட்டருக்குச் சொல்லும் சென்சாரைத் தேடினார். கட்டைவிரல் அளவுப் பித்தளைத் துண்டு, தலையில் ஒரு சாக்கெட். வயரைப் பிடுங்கினார்.

"சோடா, முள் என்ன ஆச்சு?"

"நிக்குது மேடம். நீங்க எப்போ கழட்டப் போறீங்க?"

"கழட்டிட்டேன்."

மேலே மீட்டரை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. "அசையவே இல்ல. எங்க மாமனார் மாதிரி. யார் இருக்காங்க, யார் போனாங்கன்னு கவலையே இல்ல."

உப்புத்தாள் சென்சாரை ஸ்பேனரால் கழற்றினார். பையிலிருந்து தன் மல்டிமீட்டரை எடுத்து, இரண்டு முனைகளையும் சென்சாரின் தலையில் மாட்டினார். மின்தடை இரண்டாயிரத்துச் சொச்சம் ஓம் என்று காட்டியது. சோடாவின் பிளாஸ்கைத் திறந்தார்.

"மேடம், அது என் டீ."

சென்சாரின் வால் டீயில் முங்கியது. எண் சரசரவென்று இறங்கி, முந்நூறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"சூடு ஏறினா இந்த எண் இறங்கணும். இறங்குது," என்றார் மாத்தியிடம். "இது நல்ல சென்சார். நீங்க தூக்கிப் போட்ட மூணும் நல்ல சென்சாராத்தான் இருந்திருக்கும். வண்டி கொதிக்குதுன்னு ஒவ்வொண்ணும் உங்ககிட்ட சொல்லிச்சு. சொன்னதுக்காக ஒவ்வொண்ணையும் கழட்டி எறிஞ்சிருக்கீங்க."

மாத்தி பிளாஸ்கைப் பார்த்தான். வெட்கப்பட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. இந்த டீயை இனி யார் குடிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பான்.

இனி வயர்தான் மிச்சம். சென்சாரிலிருந்து கேபின்வரை அதைத் தடவிக்கொண்டே போனார் உப்புத்தாள். வழியெல்லாம் மாத்தி போட்ட ஒட்டுகள். ஒவ்வொன்றும் கட்டுப் போட்ட கட்டைவிரல் மாதிரி டேப் சுற்றி வீங்கியிருந்தது. ஆபரேட்டர் சீட்டுக்கு அடியில், ரப்பர் விரிப்பைத் தூக்கியதும், வீங்காத ஒட்டு ஒன்று இருந்தது.

சென்சாரிலிருந்து வந்த வயர் அங்கே வெட்டப்பட்டிருந்தது. மீட்டருக்குப் போகும் பாதியில், பழைய ரேடியோக்களுக்குள் இருக்குமே, உடம்பில் கலர்க் கோடு போட்ட சின்ன ரெசிஸ்டர், அதில் ஒன்று. ஈயம் உருண்டு திரண்டு பளபளத்தது. மேலே மெல்லிய கறுப்பு உறை, நூல் பிசகாமல்.

"இதுதான் முள்ளைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கு," என்றார் உப்புத்தாள். "சென்சார் அந்தப் பக்கம் கத்திக்கிட்டே இருந்தாலும் மீட்டருக்குக் கேட்காது. ஆபரேட்டர் சொன்னது நிஜம். அவருக்கு முள் ஏறவே இல்ல."

"மாத்தி வேலையா?" என்றான் சோடா.

"அவன் ஒட்டைப் பார்த்தே இல்ல? அவனுக்குச் செருப்பு வார்கூட இவ்வளவு சுத்தமா ஒட்ட வராது."

"அப்போ முதலாளி."

"அவர் வாயால வேலை செய்யறவர். ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு அவருக்குத் தெரியாது. இது யாரோ கைத்தொழில்காரன்."

ரெசிஸ்டரைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். முதலாளி குறுக்கே வந்தார். "மேடம், நாம உட்கார்ந்து பேசலாம்..."

"உட்காருங்க," என்றார் உப்புத்தாள். வேனில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

குழந்தைகள் சீட்டில் முழங்காலை மடக்கி மோவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான் சோடா. முன் சீட்டில் உப்புத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லலை," என்றார். "முள் ஏறாம யாரோ கட்டி வச்சிருக்காங்க."

அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் பேசினாள். "அப்படின்னா முதல்ல தம்பிகிட்ட சொல்லணும். மாமா மேல தப்பில்லைன்னு அவன் ஒரு வார்த்தை சொன்னா எங்கம்மாவும் கேட்கும். இன்ஸ்பெக்டரும் கேட்பார். ஆஸ்பத்திரிக்கே போயிடறேன்."

"போங்க. எனக்கும் அவர்கிட்ட ஒண்ணு கேட்கணும்."

"இந்த வேலையெல்லாம் யாருக்கு மேடம் வரும்?" என்றான் சோடா பின்னாலிருந்து. "எனக்குத் தெரிஞ்சு ஈயம் உருக்கறவன் எவனும் மண்ணு அள்ள வரமாட்டான். வந்தாலும்..."

"என் தம்பியைக் கேட்டா சொல்லுவான்," என்றாள் அவள். "அவன் நல்ல கைகாரன். ரேடியோ, செல்போன் எல்லாம் பிரிச்சு மேஞ்சுடுவான். கடை வச்சிருந்தான், ஓடலை. இவர்தான் முதலாளிகிட்ட சொல்லி சிக்னல் வேலையில சேர்த்துவிட்டார்."

சோடா வாக்கியத்தை முடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். உப்புத்தாளுக்குத் தெரிந்து அவன் இவ்வளவு நேரம் வாயை மூடியது அதுதான் முதல் தடவை.

தீக்காய வார்டில் ஜன்னலோரக் கட்டில். தம்பியின் இரண்டு கைகளும் முழங்கைவரை வெள்ளைப் பொட்டலமாக இருந்தன. கழுத்தில் களிம்பு. அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"படுத்துக்கோடா," என்றாள் அவள். "இவங்க மாமாவுக்காக விசாரிக்கறவங்க. முள்ளை யாரோ கட்டி வச்சிருந்தாங்களாம். மாமா மேல தப்பே இல்ல."

அவன் அக்காவைப் பார்க்காமல் உப்புத்தாளைப் பார்த்தான். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. அவன் முகத்தில் அது இல்லை.

"சிக்னல் சொல்றவர் எங்க நிப்பார்?" என்றார் உப்புத்தாள்.

"முன்னாடி. ஆபரேட்டர் கண்ணுக்கு நேரா."

"ரேடியேட்டர் பின்னாடி இருக்கு. அங்க ஏன் போனீங்க?"

"ஆவி வந்துச்சு. என்னன்னு பார்க்கப் போனேன்."

"குழியில ரெண்டு பேர் இருந்தாங்க. வெடிக்கிறவரைக்கும் அவங்க கண்ணுக்கு ஆவி தெரியலை. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். "ஒருவேளை... சத்தம் ஏதாவது வந்திருக்கும்."

உப்புத்தாள் பையிலிருந்து சாக்கை எடுத்துக் கட்டில்மேல் விரித்தார். துருவட்டங்கள் வெள்ளை விரிப்பில் இன்னும் சிவப்பாகத் தெரிந்தன.

"இது நனைச்ச சாக்கு. கொதிக்கிற மூடியைத் திறக்கறவங்கதான் சாக்கை நனைச்சு எடுத்துக்கிட்டுப் போவாங்க. பக்கத்துல தண்ணிக் கேன். வட்டத்தை எண்ணிப் பார்த்தா இது ஒரு நாள் வேலை இல்ல." அவர் குரலை உயர்த்தவில்லை. "உள்ள உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு முள் பாதின்னு காட்டுது. வெளிய நிக்கிற உங்களுக்கு மட்டும், தினம் தினம், வண்டி கொதிக்குதுன்னு தெரிஞ்சிருக்கு. எப்படித் தெரிஞ்சுது?"

அவன் பார்வை சாக்கிலிருந்து சுவருக்கு நகர்ந்தது. முள் பொய் சொல்கிறது என்று தெரிந்தவன் ஒருவன்தான் இருக்க முடியும். அதைப் பொய் சொல்ல வைத்தவன்.

சோடா செல்போனில் ரெசிஸ்டரின் படத்தைக் காட்டினான். "நல்ல வேலை," என்றான். கேலி செய்யத்தான் ஆரம்பித்தான். பாதியில் விட்டுவிட்டான்.

"தம்பி," என்றாள் அக்கா.

"முதலாளிதான்க்கா சொன்னார்." அவன் சுவரைப் பார்த்துப் பேசினான். "முள்ளு ஏறினா மாமா வண்டியை நிறுத்திடறார். ஆறுற வரைக்கும் எடுக்க மாட்டேங்கறார். ரேடியேட்டரைக் கழட்டினா ஒரு வாரம் வேலை நிக்கும்னார் முதலாளி. முள்ளு பாதியில நின்னா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்னார். புது வண்டி வருது, அதுல உன்னை ஆபரேட்டரா உட்கார வைக்கறேன்னார்."

"மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஓட்டியிருக்க மாட்டார்க்கா."

உப்புத்தாள் திருடர்களைப் பார்த்திருக்கிறார், கொலைகாரர்களைப் பார்த்திருக்கிறார். இவ்வளவு நேர்மையாக ஒரு அயோக்கியத்தனத்தை யாரும் அவரிடம் விளக்கியதில்லை.

"தினம் சாப்பாட்டு நேரத்துல யாருக்கும் தெரியாம தண்ணி ஊத்திடுவேன்," என்றான் அவன். "வண்டிக்கு ஒண்ணும் ஆகாம நான் பார்த்துக்கிட்டேன்க்கா. அன்னிக்கு லாரி காத்திருக்குன்னு முதலாளி சாப்பாட்டுக்கே விடலை. பயந்துபோய் ஓடினேன். மூடியைத் தொட்டதும்..."

"மாமா நேத்துலேருந்து லாக்கப்ல இருக்கார். தெரியுமா உனக்கு?"

"முதலாளி வந்து பார்த்தார். என் வைத்தியத்தை அவர் பார்த்துக்கறாராம். மாமாவுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாதாம், ரெண்டு மூணு மாசத்துல வந்துடுவாராம்."

"நீ என்ன சொன்னே?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளியிடமும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான் என்று உப்புத்தாளுக்குத் தோன்றியது. அடுத்தவர் வாழ்க்கையை வைத்து இரண்டு பேர் பேரம் முடித்தபோது, ஒருவன் பேசினான், ஒருவன் தலையாட்டினான். கையில் கட்டுப் போட்டிருந்தாலும் தலையாட்ட முடியும்.

அக்கா கட்டிலருகே நின்றபடியே இருந்தாள். சாக்கை எடுத்து, நாலாய் மடித்து, உப்புத்தாளிடம் கொடுத்தாள். பிறகு தன் செல்போனை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் நம்பர் சொல்லுங்க மேடம்."

சோடா சொன்னான். அவள் அழுத்தினாள்.

"அக்கா, அம்மாகிட்ட முதல்ல பேசிட்டு..."

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

மறுமுனையில் குரல் வந்தது. யார் பேசுவது என்று சொல்லிவிட்டு, அவள் செல்போனைத் தம்பியின் வாயருகே நீட்டினாள். அவனால் அதை வாங்கவும் முடியாது, தள்ளவும் முடியாது.

"சார்," என்றான் அவன். "வண்டியில வயரிங் கோளாறு இருந்திருக்கு சார். அதனாலதான் மாமாவுக்குத் தெரியாம..."

அவள் செல்போனை நகர்த்தவில்லை. "யாரு பண்ணின கோளாறு?" என்றாள்.

வார்டின் கோடியில் யாரோ இருமினார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நான்தான் சார் பண்ணினேன்."

"யாரு சொல்லிப் பண்ணினே? அதையும் சொல்லு."

சொன்னான். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்ள வேண்டும், ஆரம்பத்திலிருந்து மெதுவாகச் சொல் என்றார். அவன் ஆரம்பத்திலிருந்து மெதுவாகச் சொன்னான். அவளுக்குக் கை வலித்திருக்க வேண்டும். இடது கைக்கு மாற்றிக்கொண்டு, செல்போனை அவன் வாயருகிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.